கன்டெய்னருக்குள் டிஎஃப் என்ன காட்டுகிறது? இன்கஸ், ஓராண்டு ஓட்டிய பிறகு

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. இறுதியாண்டு ப்ராஜெக்ட்டின் இரண்டாவது ரிவ்யூவுக்கு நாற்பது நிமிடம்தான் பாக்கி. ஒரு பையன் லேப்டாப்பை மூடாமலே கையில் ஏந்திக்கொண்டு லேபுக்குள் ஓடிவந்தான்.

"மேம், டேட்டாபேஸ் நின்னுபோச்சு. 1.2 டீபி சும்மா கெடக்கு, ஆனா ஒரு வரி எழுத விட மாட்டேங்கு."

வாங்கிப் பார்த்தேன். டிஸ்க்கில் மொத்தம் எவ்வளவு, காலி எவ்வளவு என்று சொல்லும் டிஎஃப் கட்டளை அவன் சொன்னதைத்தான் காட்டியது: மொத்தம் 1.7 டீபி, காலி 1.2 டீபி. அதற்கு நேர் கீழே அவன் ஒரு வெற்றுக் கோப்பில் எதையோ எழுத முயன்றதற்கு வந்த பதில்: டிஸ்க் கோட்டா எக்ஸீடட். 'கோட்டா', அதாவது ஒதுக்கிய பங்கு, என்ற வார்த்தையை அவன் கண்டுகொள்ளவில்லை. இவ்வளவு இடம் காலியாக இருக்கும்போது எழுத முடியவில்லை என்றால் பெர்மிஷன் தகராறுதான் என்று முடிவு கட்டி, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் தரவு வைத்திருக்கும் கோப்புறை முழுவதற்கும் 777 (யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம்) போட்டிருந்தான். தன் கோப்புறையை ஊரார் எல்லாம் திறந்து பார்க்கலாம் என்றால் போஸ்ட்கிரெஸ் கிளம்பவே கிளம்பாது. 700 அல்லது 750தான் இருக்க வேண்டும். ஆக ஒரு கோளாறு இரண்டாகியிருந்தது. இரண்டாவதற்கு அவனைத் திட்டலாம். முதலாவதற்கு? டிஎஃப்பை நம்பியது அவன் குற்றமா?

அந்த சர்வரை அமைத்தது நான். திருநெல்வேலிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினித் துறைக்கு சிஸ்டம் அட்மின். 128 ஜிபி ரேம், கண்ணாடிப் பிரதியாக இணைத்த இரண்டு 2 டீபி என்விஎம்இ டிஸ்க், அதன் மேல் டெபியன் லினக்ஸ், அதன் மேல் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் இன்கஸ். ஒரு ப்ராஜெக்ட் குழுவுக்கு ஒரு கன்டெய்னர் (ஒரே சர்வருக்குள் தடுத்த தனி அறை மாதிரி) என்று 38. ஒவ்வொன்றுக்கும் 4 ஜிபி நினைவகம், 30 ஜிபி டிஸ்க். உள்ளே ரூட் என்ற முழு அதிகாரம் பிள்ளைகளிடமே. இந்த அமைப்பைப் பற்றித்தான் இந்த விமர்சனம். அதிலும் ஒரே ஒரு கேள்வியை வைத்து: கன்டெய்னருக்குக் கொடுத்த இடம் எவ்வளவு என்று கன்டெய்னருக்குள் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிகிறதா?

இன்கஸைப் புதிதாகக் கேள்விப்படுபவர்களுக்கு: 2023 ஜூலையில், கன்டெய்னர்களை நிர்வகிக்கும் எல்எக்ஸ்டி திட்டத்தை உபுண்டு நிறுவனமான கனானிக்கல் தன் கைக்குள் எடுத்துக்கொண்டது. அடுத்த மாதமே அதிலிருந்து கிளை பிரிந்தது இன்கஸ். லினக்ஸ் கன்டெய்னர்ஸ் சமூகம் அதைத் தன் திட்டமாக ஏற்றுக்கொண்டது. அப்பாச்சி 2.0 உரிமம், காசு கிடையாது. டாக்கர் மாதிரி ஒரு செயலிக்கு ஒரு பெட்டி என்று போகாமல், முழு லினக்ஸ் இயங்குதளத்தையே கன்டெய்னராகத் தருகிறது. மாணவர்களுக்கு அது ஒரு தனி சர்வர் மாதிரியே இருக்கும். எஸ்எஸ்ஹெச் போட்டு உள்ளே போகலாம், ஆப்ட் போட்டு நிறுவலாம், உடைக்கலாம், முன்பு எடுத்து வைத்த நிலைப் பிரதியான ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீட்கலாம். ஒரு கட்டளையில் கன்டெய்னர் பிறக்கிறது. இந்த விஷயங்களில் எனக்குக் குறையே இல்லை, அதனால் நீட்டவில்லை.

நினைவகத்தில் அது காட்டும் நேர்மையைச் சொல்லியே ஆக வேண்டும். கன்டெய்னருக்குள் ஃப்ரீ என்று அடித்தால் 4 ஜிபி என்றே வருகிறது, ஹோஸ்ட்டின், அதாவது அடியில் இருக்கும் சர்வரின், 128 வருவதில்லை. இதைச் செய்வது எல்எக்ஸ்சிஎஃப்எஸ் என்ற துணைக்கருவி. ப்ராக் அடைவில் உள்ள மெம்இன்ஃபோ, சிபியுஇன்ஃபோ, அப்டைம் போன்ற கோப்புகளுக்குப் பதிலாக, கன்டெய்னருக்கான கணக்கு எழுதிய கோப்புகளை அது மாட்டிவிடும். ஃப்ரீ அந்தக் கோப்பைப் படித்துத்தான் பேசுகிறது, ஆகவே சரியாகப் பேசுகிறது.

டிஎஃப் அப்படி எந்தக் கோப்பையும் படிப்பதில்லை. ஸ்டாட்எஃப்எஸ் என்ற சிஸ்டம் கால் வழியாக, லினக்ஸின் கருவான கர்னலிடம் நேரே கேட்கிறது. கர்னல் அந்தக் கேள்வியை, டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஃபைல்சிஸ்டத்திடம் தள்ளிவிடும். எல்எக்ஸ்சிஎஃப்எஸ்ஸுக்கு அங்கே வேலை இல்லை. கன்டெய்னர்களுக்கு வரம்பு போடும் கர்னல் வசதியான சிகுரூப்பும் உதவாது; அதில் நினைவகத்துக்கு, சிபியுவுக்கு, ஐஓ வேகத்துக்கு, ப்ராசஸ் எண்ணிக்கைக்கு எல்லாம் கடிவாளம் உண்டு, டிஸ்க் இடத்துக்குக் கிடையாது. ஆகவே டிஎஃப் உண்மை பேசுமா என்பது இன்கஸின் கையில் இல்லை, அதன் அடியில் நீங்கள் எந்த ஃபைல்சிஸ்டத்தைப் போட்டீர்கள் என்பதில் இருக்கிறது. நிறுவும்போது இன்கஸ் கேட்கும் 'எந்த ஸ்டோரேஜ் டிரைவர்?' என்ற கேள்வி, ஸ்னாப்ஷாட் வேகம் பற்றிய கேள்வி மாதிரிதான் தெரியும். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல்சிஸ்டத்தைப் போட்டேன்.

பிடிஆர்எஃப்எஸ்ஸில் இன்கஸ் ஒவ்வொரு கன்டெய்னரையும் ஒரு சப்வால்யூமாக, அதாவது உட்பிரிவாக, வைக்கும். 30 ஜிபி என்று அளவு சொன்னால் அந்த சப்வால்யூமின் கோட்டாக் கணக்கான க்யூகுரூப்புக்கு அந்த வரம்பை எழுதும். வரம்பு வேலை செய்கிறது. 30ஐத் தாண்டி எழுத விடாது. ஆனால் ஸ்டாட்எஃப்எஸ் கேட்டால் அந்த ஃபைல்சிஸ்டம் க்யூகுரூப்பைத் திரும்பியும் பார்ப்பதில்லை. எல்லா கன்டெய்னரும் பகிரும் மொத்தக் குளத்தின் (பூல்) கணக்கைத் தூக்கிக் கொடுத்துவிடும். எங்கள் ஆச்சி வீட்டில் பத்தாயம் இருந்தது. மருமகள்களுக்கு நாளுக்கு இத்தனை உழக்கு என்று ஆச்சி மனசுக்குள் ஒரு கணக்கு வைத்திருப்பாள், வெளியே சொல்லமாட்டாள். "அரிசி இருக்கா அத்தை?" என்றால் "பத்தாயம் நெறையக் கெடக்கே" என்பாள். அளக்கப் போனால்தான் கை தடுக்கும். அதே கதை.

மனிதர்களாவது என்னிடம் ஓடிவந்து கேட்பார்கள். மென்பொருள்கள் டிஎஃப் சொல்வதை நம்பி முடிவெடுத்துவிடும். 85 சதவீதம் தாண்டினால் எனக்கு மெயில் அனுப்ப ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எல்லா கன்டெய்னரிலும் வைத்திருந்தேன். ஆறு மாதம் ஒரு மெயில்கூட வரவில்லை. நான் மகிழ்ச்சியாக இருந்தேன். 38 கன்டெய்னரிலும் அது ஒரே எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, குளத்தின் எண்ணை. எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள் இன்னும் நல்ல உதாரணம். டிஸ்க் 85 சதவீதம் நிரம்பினால் புதிய துண்டுகளை அங்கே வைக்காது, 90இல் இருப்பதையே வேறிடம் நகர்த்தப் பார்க்கும், 95இல் இன்டெக்ஸை எழுத முடியாதபடி பூட்டிவிடும். இவை அதன் இயல்பு வரம்புகள். தன் டிஸ்க் 1.7 டீபி என்று நம்பும் எலாஸ்டிக்சர்ச்சுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இயங்காது. 30 ஜிபி சுவரில் முகத்தை மோதித்தான் நிற்கும்.

இதில் எனக்கு எரிச்சல் தருவது, இது பழைய காலத்திலேயே தீர்ந்த பிரச்சினை என்பதுதான். 2011 வாக்கில் நான் வாடகைக்கு எடுத்த முதல் விபிஎஸ் (மெய்நிகர் சர்வர்), ஓபன்விஇசட் என்ற பழைய கன்டெய்னர் முறையில் ஓடிய ஒரு பெட்டி. உள்ளே டிஎஃப் அடித்தால் சிம்எஃப்எஸ் என்ற பெயரோடு நான் காசு கொடுத்த அளவு மட்டும் தெரியும். பல பேருடைய கோப்புகள் ஒரே பகிர்வில் கலந்து கிடந்தாலும் அந்த சிம்எஃப்எஸ் நடுவில் நின்று அவரவர் கணக்கை அவரவருக்குச் சொல்லும். பிறகு ஓபன்விஇசட் ஆட்களே ப்ளூப் என்ற தனி டிஸ்க் பிம்ப முறைக்குப் போய்விட்டார்கள். அது வேறு கதை.

அந்த ரிவ்யூ அன்று பையனின் கன்டெய்னருக்கு ஹோஸ்ட்டிலிருந்து 40 ஜிபி ஆக்கிவிட்டு, பெர்மிஷனைத் திருத்தி, ஓட்டினேன். அவனுக்கு ரிவ்யூ நல்லபடியாக முடிந்தது. அடுத்த மூன்று வாரம் எனக்கு வேலை. இன்கஸை விட மனமில்லை, அடித்தளத்தை மட்டும் மாற்ற வேண்டும். ஒரு பழைய பெட்டியில் ஒவ்வொரு டிரைவரையும் போட்டு, உள்ளே 10 ஜிபி கன்டெய்னர் ஒன்றை வைத்து, நிரப்பி நிரப்பிப் பார்த்தேன்.

இசட்எஃப்எஸ் என்ற ஃபைல்சிஸ்டத்தில் டிஎஃப் பேசுவது உண்மைதான், ஆனால் வக்கீல் பேசுவது மாதிரி இருக்கும். இன்கஸ் ஒவ்வொரு கன்டெய்னரையும் தனி டேட்டாசெட்டாக வைத்து, அதில் கோட்டா என்ற பண்பை எழுதும். டிஎஃப்புக்கு இசட்எஃப்எஸ் தரும் 'மொத்தம்' ஒரு நிலையான எண் கிடையாது. இப்போது கண்ணுக்குத் தெரியும் தரவு, அதோடு இன்னும் எழுத முடிகிற இடம், இரண்டையும் கூட்டித் தருகிறது. விளைவு விசித்திரமானது. புதிதாக உருவாக்கிய 10 ஜிபி கன்டெய்னரில் மொத்தம் பத்துக்குக் கொஞ்சம் கூடவே காட்டும், ஏனென்றால் மூலப் பிம்பத்திலிருந்து வந்த கோப்புகள் அந்தக் கணக்கில் வருவதில்லை. பிறகு ஸ்னாப்ஷாட் எடுத்து, பழைய கோப்புகளை அழித்துப் புதிதாக எழுத எழுத, மொத்தமே சுருங்கும். பத்து எட்டாகும், ஏழாகும். ஸ்னாப்ஷாட் பிடித்து வைத்திருக்கும் இடம் கோட்டாவில் கழிகிறது. ஆனால் டிஎஃப்பின் 'பயன்பாடு' நெடுவரிசையில் அது வராது. உள்ளே இருக்கும் மாணவனுக்குத் தன் டிஸ்க் தேய்வது மட்டும் தெரியும், காரணம் தெரியாது. இதற்கு மருந்து உண்டு: ரெஃப்கோட்டாவைப் பயன்படுத்து என்று இன்கஸில் ஓர் அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டால் ஸ்னாப்ஷாட்டுகள் கணக்கிலிருந்து விலகும், 10 என்றால் 10ஆகவே நிற்கும். இயல்பாக அது அணைந்திருக்கிறது. மாணவர் சர்வர் நடத்துகிறவர்கள் முதல் நாளே போட்டுவிடுங்கள்.

டிஸ்க்கைத் தனித்தனி வால்யூமாகப் பிரிக்கும் எல்விஎம் போட்டால் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் தனி வால்யூம், அதற்குள் தனி எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டம். பகிர்ந்த ஃபைல்சிஸ்டமே இல்லாததால் டிஎஃப் இயல்பாகவே சரி. அளவு சொல்லாவிட்டால் இன்கஸ் 10 ஜிபி கொடுக்கும். ஆனால் பெரிதாக்குவது எளிது, சிறிதாக்க கன்டெய்னரை நிறுத்த வேண்டும். உள்ளே எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல்சிஸ்டத்தை வைத்திருந்தால் சிறிதாக்கும் பேச்சுக்கே இடமில்லை. கூடவே தின் பூல் என்ற ஆபத்து. இருப்பதைவிட அதிகமாகப் பங்கு போட்டுவிட்டு பூல் நிரம்பினால், உள்ளே 'காலி 6 ஜிபி' என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே எழுத முடியவில்லை என்ற பிழைச் செய்திகள் கொட்டும்.

கடைசியில் நான் நின்றது, பலரும் கேவலமாகப் பார்க்கும் 'டிர்' டிரைவரில். பெயரே சொல்கிறது: ஒவ்வொரு கன்டெய்னரும் ஹோஸ்ட்டில் ஒரு சாதாரண அடைவு. நானும் முதலில் அதை விளையாட்டுச் சாமான் என்றே நினைத்தேன். ஆனால் அடியில் எக்ஸ்எஃப்எஸ் போட்டு, ப்ராஜெக்ட் கோட்டாவோடு மவுன்ட் செய்தால் (டிஸ்க்கை அமைப்பில் மாட்டினால்) அது வேறு ஆளாகிவிடுகிறது. ப்ராஜெக்ட் கோட்டா என்பது எக்ஸ்எஃப்எஸ்ஸில் பழங்காலத்திலிருந்தே இருப்பது. எக்ஸ்ட்4க்கு 2016இல், கர்னல் 4.5இல் வந்தது. பயனர் வாரியாக எண்ணாமல், ஓர் அடைவுக்கு ஓர் எண் கொடுத்து, அதன் கீழ் பிறக்கும் எல்லாக் கோப்பும் அந்த எண்ணை வாரிசாகப் பெறும்படி செய்வது. இன்கஸ் அந்த எண்ணைக் கொடுத்து, வரம்பையும் எழுதிவிடும். நமக்கு வேண்டிய அற்புதம் இதன் பிறகு: வாரிசுக் குறி இருக்கும் அடைவிலிருந்து ஸ்டாட்எஃப்எஸ் வந்தால், எக்ஸ்எஃப்எஸ்ஸும் எக்ஸ்ட்4உம் மொத்த டிஸ்க்கைச் சொல்லாமல் அந்த ப்ராஜெக்ட்டின் வரம்பையே டிஸ்க்கின் அளவு என்று சொல்கின்றன. கன்டெய்னருக்குள் டிஎஃப்: மொத்தம் 10 ஜிபி. தேயவில்லை, வளரவில்லை. ஹோஸ்ட்டில் அளவை 12 ஆக்கினேன். கன்டெய்னரை மீண்டும் தொடங்காமலே அடுத்த டிஎஃப்பில் 12. நாற்காலியை விட்டு எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன்.

நிரப்பியபோது இன்னொரு நல்ல விஷயம் தென்பட்டது. ப்ராஜெக்ட் கோட்டா தீர்ந்தால் எக்ஸ்எஃப்எஸ் 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்ற சாதாரணப் பிழையைத் தருகிறது. எக்ஸ்ட்4, இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் மூன்றும் 'கோட்டா எக்ஸீடட்' என்றுதான் சொல்லும். டிஸ்க் நிரம்பியது என்றால் எந்த மாணவனுக்கும் புரியும், எந்த மென்பொருளுக்கும் புரியும். இந்தச் சின்ன விஷயத்துக்காகவே எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு என் ஓட்டு.

உள்ளே ரூட்டாக இருக்கும் பிள்ளைகள் இந்த எண்ணை மாற்றித் தப்பிக்க முடியாதா என்று ஒரு பேராசிரியர் கேட்டார். முயன்று பார்த்தேன், முடியவில்லை. கன்டெய்னரின் ரூட் தனி யூசர் நேம்ஸ்பேஸில், அதாவது பயனர்களைத் தடுத்துவைத்த தனி எல்லைக்குள், இருப்பவர்; ப்ராஜெக்ட் எண்ணை மாற்றும் உரிமையைக் கர்னல் ஹோஸ்ட்டின் நேம்ஸ்பேஸுக்கு மட்டும்தான் தருகிறது.

குறைகள் இல்லாமலில்லை. ஸ்னாப்ஷாட் என்றால் முழுப் பிரதி எடுக்கும். இசட்எஃப்எஸ்ஸில் கண் இமைக்கும் நேரத்தில் முடிவது இங்கே டீ குடித்துவிட்டு வரும் அளவு. எக்ஸ்எஃப்எஸ்ஸில் கோட்டாவை ரீமவுன்ட் செய்து இயக்க முடியாது, முதல் மவுன்ட்டிலேயே சொல்ல வேண்டும். ரூட் பகிர்வு என்றால் கர்னல் துவக்க வரியிலேயே எழுத வேண்டும். இது தெரியாமல் ஒரு மாலை முழுக்க, மவுன்ட் பட்டியல் எழுதும் எஃப்எஸ்டேப் கோப்போடு மல்லுக்கட்டினேன். இன்கஸில் அளவு என்று சொல்வது பைட்டுக்கு மட்டும்தான், ஐநோட் (கோப்புக்கு ஒன்றாக ஃபைல்சிஸ்டம் வைக்கும் பதிவு) எண்ணிக்கைக்கு வரம்பு போட வழி காணோம். ஜாவாஸ்கிரிப்ட் ப்ராஜெக்ட்டுகளின் நோட்மாட்யூல்ஸ் அடைவுகளில் சின்னக் கோப்புகள் லட்சக்கணக்கில் பெருகும் மாணவர் சர்வரில், ஐநோட் எண்ணிக்கை ஃபார்மேட் செய்யும்போதே முடிவாகிவிடும் எக்ஸ்ட்4ஐ விட, தேவைக்கு உருவாக்கிக்கொள்ளும் எக்ஸ்எஃப்எஸ் பாதுகாப்பு.

பெரிய குறை ஒன்று. வரம்புகளின் கூட்டுத்தொகை உண்மையான டிஸ்க்கைத் தாண்டினால் இங்கேயும் பொய் பிறக்கும். பழைய கர்னல்களில் ப்ராஜெக்ட் கணக்கு, வரம்பில் பயன்படுத்தியதைக் கழித்து மீதியைச் சொல்கிறதே தவிர, அடியில் டிஸ்க்கில் அவ்வளவு உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. இசட்எஃப்எஸ் இரண்டில் எது சிறியதோ அதைச் சொல்லும். அந்த நேர்மை இதில் இல்லை. நான் 38 கன்டெய்னருக்கு 30 வீதம் 1,140 ஜிபி மட்டும் பங்கு போட்டிருப்பதால் எனக்குச் சிக்கல் இல்லை. எல்லோருக்கும் 100 ஜிபி அள்ளிக் கொடுத்துவிட்டு 'யாரும் நிரப்பமாட்டார்கள்' என்று நம்புகிறவர்கள் கவனம்.

இன்கஸ் வேண்டாம், டாக்கர்தான் என்பவர்களுக்கும் ஒரு வரி. ஓவர்லே2 டிரைவரில் கன்டெய்னருக்கு அளவு சொல்லும் வசதி, அடியில் எக்ஸ்எஃப்எஸ் இருந்து ப்ராஜெக்ட் கோட்டாவோடு மவுன்ட் ஆகியிருந்தால் மட்டுமே வேலை செய்யும். ஓவர்லே தன் மேலடுக்கிடமே ஸ்டாட்எஃப்எஸ் கேட்பதால் டிஎஃப்பும் சரியாக வரும். பல கணினிகளில் கன்டெய்னர்களை ஓட்டும் குபர்நெட்டிஸில் தற்காலிக இடத்துக்கு வரம்பு போட்டால் இயல்பாக அது அவ்வப்போது அளந்து பார்த்து, தாண்டிய 'பாட்' (அதன் கன்டெய்னர் தொகுப்பு) எதுவோ அதைத் தூக்கி வெளியே போடும். உள்ளே டிஎஃப், அது ஓடும் கணினியின் முழு டிஸ்க்கைத்தான் காட்டும். எச்சரிக்கை இல்லாமல் வீட்டைக் காலி செய்யச் சொல்வது மாதிரி. நெட்வொர்க் வழியாகப் பகிரும் செஃப்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் என்றால், கோட்டா போட்ட அடைவையே நேரடியாக மவுன்ட் செய்யுங்கள். அந்த அடைவின் வரம்பு டிஎஃப்பில் தெரியும். ஆனால் அந்த வரம்பைக் காப்பது கிளையன்ட்தான், அதாவது அதை மவுன்ட் செய்யும் கணினிதான். முரட்டுக் கிளையன்ட்டை அது தடுக்காது.

சனிக்கிழமை ராத்திரி ஒவ்வொரு கன்டெய்னராக நிறுத்தி, புதிய பூலுக்கு நகர்த்தி, திரும்ப ஓட்டி, ஞாயிறு விடிகாலையில் 38உம் முடித்தேன். நகர்த்தும் கட்டளை ஒரே வரி, நடுவில் ஒன்றுகூடத் தடுமாறவில்லை. இதற்காக இன்கஸுக்குத் தனியாக ஒரு கைதட்டல். பேராசிரியர்களின் ஐந்து கன்டெய்னர்களை மட்டும் ரெஃப்கோட்டா போட்ட இசட்எஃப்எஸ்ஸில் வைத்தேன்; அவர்களுக்கு தினசரி ஸ்னாப்ஷாட் வேண்டும். திங்கட்கிழமை காலை என் மெயில் பெட்டியில் அந்த 85 சதவீத ஸ்கிரிப்ட்டிலிருந்து ஒன்பது கடிதங்கள். ஆறு மாதமாக வாய் திறக்காதது. மதியம் ஒரு பேராசிரியர் கோபமாக வந்தார்: எலாஸ்டிக்சர்ச் இன்டெக்ஸ் பூட்டிக்கொண்டதாம், நேற்றுவரை நன்றாகத்தானே ஓடியது? 96 சதவீதம் நிரம்பியிருந்தது. நேற்றுவரை அதற்கு அது தெரியாது என்று அவருக்கு விளக்க அரை மணி நேரம் ஆனது. ஒரு கன்டெய்னரில் யாரோ ஒரு வெப் சீரிஸ் முழுவதையும் வைத்திருந்தார்கள். பெயர் சொல்லமாட்டேன், எனக்கும் மூன்றாவது எபிசோட் வரை போனது.

மதிப்பெண் கேட்டால்: இன்கஸுக்கு ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண்ணைக் குறைத்தது, அந்த ஸ்டோரேஜ் டிரைவர் கேள்வியைக் கேட்கும் இடத்தில் 'இதைத் தேர்ந்தால் உள்ளே டிஎஃப் மொத்தக் குளத்தையும் காட்டும்' என்று ஒரு வரி போடாததற்கு.

போன வாரம் அதே பையன் வந்தான். இறுதி ரிவ்யூவுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

"மேம், 91 பெர்சன்ட் ஆயிட்டு. ஒரு பத்து ஜிபி கூட்டிக் குடுங்களேன்."

பழைய மாடல் கோப்புகளை அழித்தாயா என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான். ஐந்து கொடுத்தேன்.